சிட்லபாக்கம் 8080

அபிதகுஜாம்பாளுக்கு வயது அறுபத்திரண்டு. திருவண்ணாமலையில் பிறந்தவர் என்பதால் வைத்த, அந்த ஊர் அம்மனின் பெயர். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்போனும் கையில் இணைப்புக் கயிறுமாக ஊரையும் ஊரையும் பேச வைத்துக்கொண்டிருந்த காலம் அது. "அம்பாள், மதுரை லைன் ஃப்ரீயா?" என்று சூப்பர்வைசர் அந்தக் கடைசியிலிருந்து கத்தினார். அன்று முதல் அவர் அம்பாள். இன்று சிட்லபாக்கத்தில் காய்கறி வண்டிக்காரருக்கும் அம்பாள் மேடம்தான்.

முப்பத்தைந்து வருடத் தொலைபேசி வேலைக்குப் பிறகு விருப்ப ஓய்வில் வந்தார். மூன்று மாதம் வீட்டை ஒழித்து அடுக்கினார். நான்காவது மாதம் அடுக்க ஒன்றும் மிச்சமில்லை. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் வந்தது. இரண்டு பக்கம் வாசித்து அனுப்பினார். அரை மணியில் பதில்: "மேடம், ரேடியோவில் இருந்தீங்களா?"

"இல்ல. டெலிபோன்ல."

வாசிப்பிலும் அந்த வேலைப் பழக்கம் தெரியும். ஆண்டு வந்தால் இரண்டு முறை சொல்வார்: ஆயிரத்து எண்ணூற்று ஆறு, பிறகு ஒன்று, எட்டு, பூஜ்யம், ஆறு. பெயர் கடினமாக இருந்தால் நிறுத்தி எழுத்தெழுத்தாகச் சொல்வார். விடியற்காலை ஐந்தரைக்கு மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம் தெருவில் கேட்பதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். ஐந்து வருடத்தில் நானூற்றுச் சொச்சம் பாடங்கள்.

கேட்பவர்களில் ஒருவர் சுவிசேஷமுத்து. இருபத்தொன்பது வயது. திசையன்விளைப் பக்கத்துக்காரர், பிறவியிலேயே பார்வை கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு விடுதியில் தங்கி, கிண்டியில் ஓர் அலுவலகத்தில் போன் எடுத்துப் பேசும் வேலை பார்க்கிறார். அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர் தேர்வுக்கு மூன்றாவது முறையாகத் தயாராகிக்கொண்டிருந்தார். அடுத்த தேர்வுக்கு வயது வரம்பு தடுக்காது. ஆனால் ஊரில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: "அரசு வேலையா, இல்லையா?"

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை முத்து போன் செய்தார். தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

"மேடம், என் போனு போச்சு. கிண்டி ஸ்டேஷன்ல எவனோ தூக்கிட்டான்."

"பாடமெல்லாம்?"

"அதுலதானே இருந்துச்சு. அறுபத்திநாலும்."

கையில் இப்போது இருப்பது நண்பர் கொடுத்த பழைய போன். நான்கைந்து பாடம் போட்டாலே இடம் நிறைந்துவிடும். ஒன்றைக் கேட்டு, அழித்து, அடுத்ததை எடுக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி 'ஆடியோ, முப்பத்தெட்டு நிமிடம்' என்று அந்தப் போன் வாசிக்கிறது. எது சோழர், எது நாயக்கர் என்று பிரிக்க முடியவில்லை. இலவச இணையக் கிடங்கில் அம்பாளுக்கு இருந்த இடம் போன மாதமே நிரம்பியாயிற்று. அங்கே ஏற்கெனவே இருப்பதையும் முத்துவால் எடுக்க முடியவில்லை.

"உள்ள போனா 'பட்டன், பட்டன், பெயரில்லாத பட்டன்'னு சொல்லிட்டே இருக்கு மேடம். நான் எந்தப் பட்டனைத் தேட? படம், கலரு ஒண்ணும் வேண்டாம். பேரு வரிசையா ஒரு லிஸ்ட்டு வந்தா போதும்லா."

"எப்போ படிப்ப?"

"காலைல அஞ்சுலேருந்து ஏழு. அப்புறம் டிரெயின். சாயங்காலம் விடுதில சத்தம், காதுல ஒண்ணும் ஏறாது."

போனை வைத்துவிட்டு அம்பாள் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். கணவர் ஏகநாதன் தாம்பரம் மின்ரயில் பணிமனையில் மின்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கிரில் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"பென் டிரைவ்ல போட்டுக் கொடேன். வெஸ்ட் தாம்பரம்தானே, நானே போய்க் கொடுத்துட்டு வரேன்."

"இன்னைக்கு முத்து. நாளைக்கு இன்னொருத்தர். எத்தனை பேருக்குப் பஸ் ஏறுவீங்க?"

ஏகநாதன் யோசித்தார். "முழங்கால் இருக்கிற வரைக்கும்" என்றார்.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. பாடங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அதை எப்போதும் திறந்தே வைத்து, முத்து தன் போனிலிருந்து நேராக அதற்குள் வந்து எடுத்துக்கொண்டால் என்ன? அம்பாள் இரண்டு நாள் அதைப் பற்றிப் படித்தார். லேப்டாப்பில் சின்ன நிரல் ஒன்றைப் போட்டார். கேட்பவருக்குக் கோப்புகளின் பெயரை வெறும் பட்டியலாகக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. உள்ளே வருபவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். வீட்டு வைஃபையில் அருமையாகத் திறந்தது. முத்துவுக்குத் திறக்கவில்லை.

ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற தலைப்பு இருந்தது. இணையத்தில் அதற்கு இளைஞர்கள் கொடுத்திருந்த விளக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு மைல் நீளம். அம்பாளுக்கு நாலு வரியில் புரிந்தது. வெளியுலகுக்கு இந்த வீட்டின் எண் ஒன்றே ஒன்று. உள்ளே ரூட்டரைப் பிடித்துக்கொண்டு இருப்பவை ஐந்தாறு: இரண்டு போன், டிவி, லேப்டாப், இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் ஓர் உள் எண் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினால் யாரைப் பார்க்க வந்தார் என்று ரூட்டருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடும். '8080 என்ற எக்ஸ்டென்ஷனைக் கேட்டு வருபவரை உள்ளே ஐந்தாம் எண் லேப்டாப்புக்கு அனுப்பு' என்று எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இதைத்தாங்க முப்பத்தஞ்சு வருஷம் நான் கையால பண்ணேன்" என்றார் கணவரிடம். "இதுக்கு ஏன் இவ்வளவு இங்கிலீஷ்?"

எழுதி வைத்தார். சேமித்தார். வைஃபையை அணைத்துவிட்டுத் தன் போனில் மொபைல் டேட்டாவைப் போட்டுச் சோதித்தார். எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயே உட்கார்ந்து லைனைச் சோதித்தால் எல்லா லைனும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். திறக்கவில்லை. ரூட்டர் தன் வெளி எண் என்று காட்டியது ஒன்று. வெளியே தெரிந்த எண் வேறொன்று. அங்கேதான் ஏதோ இடித்தது.

இணைய கம்பெனியின் லைன்மேன் வினோத்குமார் சனிக்கிழமை பத்து மணிக்கு ஏணியோடு பைக்கில் வந்து இறங்கினார். கோவிலம்பாக்கத்துக்காரர். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை எந்தக் கம்பத்தில் யார் வீட்டு ஒயர் தொங்குகிறது என்று மனப்பாடம்.

"இன்னா மேடம், நெட்டு நல்லாத்தானே கீது? சீரியல் ஓடலியா?"

"நெட் வருதுப்பா. வெளியிலேர்ந்து உள்ள வர முடியல. ரூட்டர்ல ஒரு எண் காட்டுது, வெளில வேற எண் தெரியுது. நடுவுல யார் இருக்கீங்க?"

வினோத்குமார் ஏணியைச் சுவரில் சாய்த்தார். அம்பாளைப் பார்த்தார். ஏகநாதனைப் பார்த்தார். "ரூட்டருக்குள்ள போனது யாரு? சாரா?"

"சார் சுவிட்ச் வரைக்கும்தான். நான்தான் போனேன்."

"கெத்து மேடம் நீ!" என்று தன்னை மறந்து சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க. அது வந்து மேடம், எங்க கம்பெனில உங்க தெரு மொத்தத்துக்கும் வெளில ஒரே நம்பர்தான் தெரியும். நாப்பது வூட்டுக்கு ஒரு நம்பரு. வெளியிலேர்ந்து ஒருத்தன் வந்தா அந்த நாப்பதுல எந்த வூடுன்னு எப்படித் தெரியும்?"

"பார்ட்டி லைன்."

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. அந்தக் காலத்துல நாலு வீட்டுக்கு ஒரே போன் லைன் இருக்கும். எனக்குத் தனி நம்பர் வேணும். எங்க எழுதிக் கொடுக்கணும்?"

"மேடம், மெய்யாலுமே கேக்குறேன், எதுக்கு இது? கேமரா வெக்கிறீங்களா? அதுக்கு ஆப்பே கீது."

அம்பாள் லேப்டாப்பில் ஒரு பாடத்தை ஓடவிட்டார். வினோத்குமார் ஏணிப்படியில் உட்கார்ந்து வேலூர்ப் புரட்சியை ஆறு நிமிடம் கேட்டார். பிறகு எழுந்து கம்பெனிக்குப் போன் போட்டார். "தல, சிட்லபாக்கத்துல ஒரு மேடத்துக்குத் தனி ஐ.பி. போடணும். திங்கக்கெழமைக்குள்ள. இல்ல தல, செவ்வா ஆவாது. பசங்க பரீச்ச."

கிளம்பும்போது ஒரு எச்சரிக்கையும் சொன்னார். "தொறந்து வுட்டா கண்டவனும் வந்து தட்டுவான் மேடம். பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா கீதா?"

"பதினாறு எழுத்து."

"அப்ப சரி. தட்டிக்கினே நிக்கட்டும்."

அவர் சொன்னபடியே நடந்தது. திங்கள் மதியம் தனி எண் வந்த ஒரு மணி நேரத்துக்குள் லேப்டாப் திரையில் தெரியாத எண்கள் தட்டிவிட்டுப் போன தடம் வரிவரியாக விழுந்தது. அம்பாள் கண்டுகொள்ளவில்லை. ராங் நம்பர்களோடு வாழ்ந்தவர் அவர். மூன்று மணிக்கு வேறொரு வரி விழுந்தது. முத்துவின் பெயர், முதல் பாடம். அலுவலகத் தேநீர் இடைவேளையில் சோதித்திருக்கிறார்.

"மேடம்! லிஸ்ட்டு வாசிக்கு மேடம்! ஒண்ணு, சிந்துவெளி. ரெண்டு, வேதகாலம். மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டன் கிடையாது!"

"காலைல அஞ்சு மணிக்கு எடுத்துக்கோ. திறந்தே இருக்கும்."

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ரயிலிலிருந்து முத்து அழைத்தார். ஐந்து மணிக்குத் திறக்கவில்லையாம். ஆறுக்கும் இல்லை. அவ்வளவு காலையில் போன் செய்ய மனசு வரவில்லையாம். இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அம்பாள் ரூட்டருக்குள் போய்ப் பார்த்தார். லேப்டாப்பின் எண் ஐந்திலிருந்து மூன்றாக மாறியிருந்தது. ஐந்தாம் எண் இப்போது ஏகநாதனின் போன்.

"என்னங்க, முத்து பாடம் கேட்டு உங்க போனைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கார்."

"எனக்கு ஒரு கால்கூட வரலியே" என்றார் ஏகநாதன், போனை எடுத்துப் பார்த்தபடி.

எண்ணை மாற்றி எழுதினார். நாள் முழுவதும் வேலை செய்தது. புதன்கிழமை விடியற்காலை மறுபடி திறக்கவில்லை. எட்டு மணிக்குப் பார்த்தால் எண்கள் மறுபடி கலைந்திருந்தன. இந்த முறை லேப்டாப்புக்கு ஐந்தாம் எண் நிரந்தரம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ரூட்டரில் பதிந்து வைத்தார். அப்படி ஒரு வசதி இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வியாழன் எட்டு மணிக்குப் பார்த்தால் ஐந்து ஐந்தாகவே இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஐந்து மணிக்கு முத்துவுக்குத் திறக்கவில்லை.

"மேடம், பரவால்ல" என்றார் முத்து. "எனக்காக ரொம்பக் கஷ்டப்படாதிய. பழசு கொஞ்சம் ஞாபகம் இருக்கு, அதை வச்சு எழுதிருவேன்."

அந்தக் குரலை அம்பாளுக்குத் தெரியும். மூன்று மணி நேரம் டிரங்க் காலுக்குக் காத்திருந்துவிட்டு, 'பரவாயில்லைம்மா, கேன்சல் பண்ணிடுங்க' என்று சொல்பவர்களின் குரல். மூன்று காலை போயிற்று. மிச்சம் இரண்டு.

வினோத்குமாருக்குப் போன் போட்டார். "உங்க லைன்தான் காலையில படுத்துடுது."

"சான்ஸே இல்ல மேடம். இருங்க, ஆபீஸ்ல கேட்டு சொல்றேன்." பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. "மேடம், லைன்ல ஒரு தப்பும் இல்ல. உங்க வூட்டு பெட்டிதான் டெய்லி நைட்டு பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கு சாவுது. காலைல ஆறு நாப்பத்தொண்ணுக்கு உசுரு வருது. மூணு மாசமா டேட்டா எடுத்துப் பாத்தாச்சு. ஒரு நாள் தவறல. மிஷின் இவ்ளோ கரீட்டா பேஜார் பண்ணாது மேடம். இது ஆளு."

அம்பாள் போனை வைத்தார். ஏகநாதன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பத்து மணிக்கு ரூட்டரை ஆஃப் பண்றது நீங்களா?"

"ஆமா." பேப்பரிலிருந்து தலையே நிமிரவில்லை. "கதவைப் பூட்டுவேன், கேஸை மூடுவேன், டிவி பிளக், ரூட்டர் பிளக். தினம் பண்றதுதானே. காலைல குளிச்சுட்டு வந்து போடுவேன்."

"ஒரு வாரமா இது ஏன் வேலை செய்யலைன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்க!"

"நீ எண்ணு மாறுதுன்னு சொன்னே. கரண்ட் போகுதான்னு என்னைக் கேக்கவே இல்லையே."

அது உண்மைதான் என்பதால் அம்பாளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஏழு மணிக்கு முன்னால் அந்த வீட்டில் யாருக்கும் இணையம் தேவைப்பட்டதில்லை. அம்பாளின் ஒலிப்பதிவுக்கும் அது வேண்டாம். அதனால் அந்த எட்டரை மணி நேரத்து இல்லாமை யார் கண்ணிலும் பட்டதில்லை. காலையில் உயிர் வந்ததும் ரூட்டர் எண்களைப் புதிதாகப் பங்கிட்டதால்தான் அவை தினமும் கலைந்தன.

"இன்னைலேர்ந்து ஆஃப் பண்ணாதீங்க."

"எப்படி? நாலு வருஷம் முன்னாடி இடி விழுந்து மோடம் கருகினது மறந்து போச்சா? நம்ம வரிசைல ஆறு வீட்டு மோடம். செப்டம்பர் இடி எப்ப வரும்னு சொல்லிட்டா வரும்?"

"இப்ப ஃபைபர். கண்ணாடி நூல். அதுல இடி இறங்காதுன்னு வினோத் சொன்னார்."

"நூல்ல இறங்காது. பிளக்குல இறங்கும். முப்பத்தேழு வருஷம் இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டுக்குக் கீழ நின்னவன்கிட்ட சொல்ற?"

அம்பாள் சமையலறைக்குப் போனார். மிக்ஸி ஓடியது. நின்றது. ஏகநாதன் பேப்பரை மடித்தார்.

"நான் வேணும்னு பண்ணல, அம்பாள். கை தன்னால போகும். இன்னைக்குப் பண்ணமாட்டேன்னு சொல்லிட்டாலும் பத்து மணிக்குக் கை போயிடும். எனக்கே தெரியும்."

"அப்ப என்ன பண்றது?"

அவர் ஒரு நிமிடம் அந்த பிளக்கையே பார்த்தார். "டேக் போடு" என்றார்.

பணிமனையில் ஒரு விதி உண்டு. ஒரு வண்டியின் அடியில் ஆள் இறங்கி வேலை செய்கிறார் என்றால், அந்த வண்டிக்கான சுவிட்சில் தன் பெயரை எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். அட்டை தொங்கும்வரை அந்த சுவிட்சை யாரும் தொடக்கூடாது. அதிகாரி வந்தாலும் கூடாது. கட்டியவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும். ஏகநாதன் தன் வேலைக் காலம் முழுவதிலும் அடுத்தவர் கட்டிய அட்டையை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

அம்பாள் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் சிவப்பு உறையைக் கத்தரித்தார். 'சு.முத்து வேலை செய்கிறார். தொடாதே. – அபிதகுஜாம்பாள்' என்று எழுதி, ரூட்டர் ஒயரில் நூலால் கட்டினார்.

"தேதி போடணும்" என்றார் ஏகநாதன். "நேரமும்."

அன்று மதியம் அவர் கிழக்குத் தாம்பரம் மார்க்கெட் வரை போய், திடீர் மின்னெழுச்சி தாங்கும் பிளக் பலகை ஒன்றை வாங்கி வந்து ரூட்டருக்கு மாட்டினார். எர்த் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தார். பக்கத்தில் விழும் இடிக்கு இதுவும் தாங்காது என்றும் சொல்லி வைத்தார். இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டி, கேஸை மூடி, டிவி பிளக்கைப் பிடுங்கினார். பிறகு கை போனது, அட்டையில் பட்டு நின்றது, திரும்பியது.

வெள்ளி விடியற்காலை அம்பாள் மாடிக்குப் போகாமல் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். ஐந்து ஏழுக்கு ஒரு வரி. சோழர் நிர்வாகம். ஐந்து முப்பத்தைந்துக்கு இன்னொன்று. ஆறு மணிக்கு மூன்றாவது, ஆறரைக்கு நான்காவது. முத்து ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவர். சனிக்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். காலையிலிருந்து மதியம்வரை பதினான்கு வரிகள் விழுந்தன.

ஒரே ஒரு இடைஞ்சல். பாடத்திட்டத்தில் இந்த வருடம் புதிதாக இரண்டு பாடம் சேர்த்திருந்தார்கள். முத்துவுக்கு அது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அம்பாள் சனி காலை புத்தகத்தைத் தேடி வாங்கி வரச் செய்து, பன்னிரண்டு மணிக்கு வாசிக்க உட்கார்ந்தார். குப்பை வண்டி, தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டுத் துளைப்பான் எல்லாவற்றையும் தாண்டி நாலே முக்காலுக்கு முடித்தார். ஐந்துக்கு இரண்டும் பட்டியலில் ஏறின.

ஐந்து பத்துக்கு ஏரிப் பக்கம் வானம் கறுத்தது. முதல் மின்னல் வெட்டியதும் ஏகநாதன் கூடத்துக்கு வந்துவிட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." பதினைந்தில் இடி கேட்டது. "அஞ்சு கிலோமீட்டர். மாடம்பாக்கத்துக்கு அந்தாண்ட."

அம்பாளின் போன் அடித்தது. முத்து, அறைத்தோழரின் போனிலிருந்து. தன் போனில் பாடம் இறங்கிக்கொண்டிருந்தது. "முதல் பாடம் வந்துட்டு மேடம். ரெண்டாவது இறங்கிட்டிருக்கு. மழைல நெட்டு ரொம்ப மெதுவா இருக்கு." பின்னால் அவருடைய போன் தன் இயந்திரக் குரலில் சொல்வது கேட்டது: "முப்பத்தொரு சதவீதம்."

"லைன்லயே இரு" என்று ஸ்பீக்கரில் போட்டார் அம்பாள்.

மின்னல். ஏகநாதன் பிளக் அருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று எண்ணினார். பத்து. "மூணு கிலோமீட்டர் சொச்சம். அம்பாள், டேக்கை அவுரு."

"நாற்பத்தாறு சதவீதம்" என்றது போன்.

"பாதிகூட ஆகல."

"ரூட்டர் போனா போகட்டும். லேப்டாப் போச்சுன்னா நானூறு பாடம் போச்சு. நாளைக்கு யாருக்குமே கிடையாது."

அது நியாயம். அம்பாள் லேப்டாப்பின் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினார். பேட்டரியில் அரை மணி நேரம் ஓடும். ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒயர் கிடையாது, வைஃபைதான். "இப்ப லேப்டாப் தப்பிச்சுது. ரூட்டர் மட்டும்தான்."

ஏகநாதன் இதை எதிர்பார்க்கவில்லை. "அது கரெக்ட்" என்றார். "நான் சொல்லியிருக்கணும்."

மின்னல். ஜன்னல் கம்பிகள் வெள்ளையாயின. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..." ஏழில் இடித்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன.

"சார் ஏன் எண்ணுதாவ?" என்று கேட்டார் முத்து.

"இடி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்க்கிறார்."

"இங்க இன்னும் வரல. வெறும் மழைதான்."

"இங்கேர்ந்துதான் அங்க வரும், இருப்பா" என்றார் ஏகநாதன்.

"எழுபத்தொரு சதவீதம்."

அடுத்த மின்னலுக்கு நாலு எண்ண முடிந்தது. ஏகநாதனின் கை பின்னாலிருந்து முன்னால் வந்தது. அட்டையைத் தொடவில்லை. அதற்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் நின்றது. வியர்த்திருந்தார். "அம்பாள், நீதான் அவுக்கணும். நான் தொடமாட்டேன். சொல்லிட்டேன்."

"எண்பத்தெட்டு."

"முத்து, அந்தப் பாடம் இல்லாம எழுதிடுவியா?" என்று கேட்டார் அம்பாள். கேட்டபோதே நூலின் முடிச்சில் விரல் வைத்துவிட்டார்.

"எழுதிருவேன் மேடம்" என்றார் முத்து. "ஆனா இருந்தா நல்லாருக்கும்."

"தொண்ணூற்று மூன்று."

முடிச்சில் வைத்த விரலை அம்பாள் எடுக்கவில்லை, அவிழ்க்கவும் இல்லை. ஏகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். மின்னலைப் பார்க்காவிட்டால் எண்ண வேண்டியதில்லை என்பது போல.

"தொண்ணூற்று எட்டு. பதிவிறக்கம் முடிந்தது."

"வந்துட்டு மேடம்!"

அம்பாள் முடிச்சை இழுத்தார். அட்டை கையோடு வந்தது. ஏகநாதன் அதே மூச்சில் பிளக்கைப் பிடுங்கினார். ரூட்டரின் பச்சை விளக்குகள் அணைந்தன. இரண்டு நிமிடம் கழித்துத் தலைக்கு மேலே விழுந்தது போல ஓர் இடி. தெருவே இருண்டது. இருட்டில் ஏகநாதன் சிரிப்பது கேட்டது.

"என்ன சிரிப்பு?"

"எனக்குத் தெரிஞ்சு ஷெட்டுலகூட டேக்கை யாரும் இவ்வளவு நேரம் வெச்சிருந்ததில்ல."

ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு முத்து தேர்வு மையத்தின் வாசலிலிருந்தே அழைத்தார். பின்னால் ஆட்டோ, ஐஸ் வண்டி மணி, யாரோ யாரையோ தேடும் சத்தம்.

"எப்படி?"

"நல்லாப் போச்சு மேடம். எனக்காக எழுத வந்த தம்பி கேள்வியைத் தெளிவா வாசிச்சான். நான் பதில் சொன்னதும் 'அண்ணா, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க'ன்னான். கேள்வி முடியுறதுக்குள்ள எனக்குப் பதில் வந்துட்டு."

"புதுப் பாடம்?"

"மூணு கேள்வி. மூணும் போட்டுட்டேன். முடிவு வர்ற வரைக்கும் ஊர்ல சொல்லப் போறதில்ல. ஆனா இந்த வாட்டி எனக்குப் பயமா இல்ல மேடம்."

"சாப்பிட்டியா?"

"இனிதான். மேடம், ஒண்ணு கேக்கணும். விடுதில என்கூட இருக்கவங்க எல்லாரும் பாஸ்வேர்டு கேக்காவ. ஸ்நேகான்னு ஒரு பிள்ளை, லேடீஸ் ஹாஸ்டல்ல, அதுக்குப் பொருளாதாரம் வேணுமாம். நான் குடுக்கலாமா? இல்ல, இதோட மூடிருவியளா?"

அம்பாள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர்னு கேளு" என்றார். "கரண்ட் போனாலும் ஓடணும்னா பேட்டரி ஒண்ணு வைக்கணும். வினோத்துக்குத் தெரிஞ்ச கடை இருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து பன்னிரண்டுக்கு லேப்டாப்பில் ஒரு வரி விழுந்தது. ஸ்நேகா. பொருளாதாரம், முதல் பாடம். அம்பாள் அதைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினார். பொருளாதாரத்தில் மூன்று பாடம்தான் இதுவரை வாசித்திருந்தார். அந்தப் பெண் வேகமாகக் கேட்பவள் என்றால் வியாழக்கிழமைக்குள் நாலாவது வேண்டியிருக்கும்.